பச்சை மூடிப் பேனாவும் மூன்றுசுழி ண-வும்

புதிதாக எந்தப் பேனா கைக்கு வந்தாலும் நான் முதலில் எழுதிப் பார்ப்பது இரண்டே சொற்கள்: திருமண அழைப்பிதழ். என் பிழைப்பில் பாதி அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. தவிர, ஒரு பேனாவின் குணம் முழுவதையும் அவை காட்டிக்கொடுத்துவிடும். தி-யின் தலையில் வளைந்து இறங்கும் இகரக் குறியான விலங்கு, ண-வின் மூன்று சுழி, அ தொடங்கும் இடத்திலேயே ஒரு சுழி, ழை-க்கு முன்னால் நிற்கும் இணைக்கொம்பு, ழ-வின் வால், ப்-பின் நேர்கோடுகளும் அதன் மேல் ஒரு புள்ளியும். தமிழ் எழுத்தில் கை திரும்ப வேண்டிய திசைகள் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன. ண-வில் மை அடைத்துக்கொள்ளும் பேனாவை அன்றே ஓரமாக வைத்துவிடுவேன்.

நான் மதுரையில் எழுத்து வரைபவள். புத்தக அட்டைத் தலைப்பு, அழைப்பிதழ், கடைப்பெயர், சில சமயம் பத்திரிகைச் சிறப்பிதழ்களுக்குத் தலைப்பு. கணினியில் இருக்கும் எழுத்துருவை எடுத்துப் போடாமல், கையால் எழுதி, ஸ்கேன் செய்து, செப்பம் செய்து கொடுப்பதுதான் வேலை. என் மேசையில் பேனா, பென்சில், தூரிகை என்று ஐம்பது உருப்படியாவது கிடக்கும். அவற்றில் ஒன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் கையில் இருப்பது பைலட் நிறுவனத்தின் பேரலல் பேனா. அதைப் பற்றித் தமிழ் எழுத்து எழுதுகிற ஒருவர் விரிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. ஆங்கில எழுத்தை வைத்துச் சொன்ன குறிப்புகளை நம்பி நான் ஆறு மாதம் தடுமாறியிருக்கிறேன். அந்த ஆறு மாதம் இன்னொருவருக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைலட் ஜப்பானில் 1918-இல் தொடங்கிய நிறுவனம். இந்தப் பேனா பார்வைக்கு எளிமையானது. பின்பக்கம் மெலிந்துகொண்டே போகும் நீண்ட உடல். மைக்கூட்டில் தோய்த்து எழுதிய பழைய கட்டைப்பேனாவின் சாயல். மூடியின் நிறம் நிப்பின் அகலத்தைச் சொல்லும். சிவப்பு 1.5 மில்லிமீட்டர், ஆரஞ்சு 2.4, பச்சை 3.8, நீலம் 6.0. இவற்றுக்கு இடைப்பட்ட 3.0, 4.5 அளவுகள் பின்னால் வந்தவை.

விசேஷம் நிப்பில் இருக்கிறது. வழக்கமான பட்டை நிப்பு ஒற்றைத் தகடு. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக மை இறங்கும். இதில் இரண்டு தட்டைத் தகடுகள் மயிரிழை இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக, இணையாக நிற்கின்றன. அந்த இடைவெளி முழுவதும் மை நிரம்பியிருக்கும். அதனால்தான் கோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மை ஒரே சீராக விழுகிறது. தோய்த்து எழுதும் நிப்பில் முதல் எழுத்து குளமாகவும் நான்காவது எழுத்து வறண்டும் போகும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நிப்பை நிமிர்த்தி ஒரு மூலையால் மட்டும் தொட்டு இழுத்தால் தலைமுடி போன்ற மெல்லிய கோடும் கிடைக்கும். அ-வின் சுழியை முடிக்கும் இடத்தில் நான் எப்போதும் அந்த மூலையைத்தான் பயன்படுத்துகிறேன்.

இனி அந்த மூன்றுசுழி ண. பட்டை நிப்பில் எழுத்தின் உயரத்தை நிப்பின் அகலத்தைக் கொண்டு அளப்பது வழக்கம். ஐந்து நிப்பு உயரம் என்று பயிற்சிப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பச்சை மூடிக்கு அது 19 மில்லிமீட்டர். ப, ட, ம எல்லாம் அந்த உயரத்தில் நிமிர்ந்து கம்பீரமாக நிற்கும். அதே உயரத்தில் ண எழுதிப் பாருங்கள். முதல் சுழிக்குள் அரிசி அளவு வெள்ளை தெரியும். இரண்டாவதில் எள் அளவு. மூன்றாவது சுழி முழுக்கக் கறுத்துவிடும். சுழி உள்ள எழுத்துக்கு ஐந்து போதாது என்பதை நான் வீணான தாள்களில்தான் கற்றேன். ஏழு நிப்பு உயரம் வேண்டும். பச்சை மூடிக்கு 26.6 மில்லிமீட்டர். அகலத்தையும் தாராளமாக விட வேண்டும். ண-வை எழுதும்போது முதல் சுழியைச் சற்றுச் சிறிதாகத் தொடங்கி, இரண்டாவதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கண்ணுக்கு இரண்டும் சமமாகத் தெரியும். அழைப்பிதழ் வேலைக்கு நான் கோடு போடும் தாளில் எப்போதும் ஏழு நிப்புக் கணக்குத்தான்.

அடுத்தது சாய்வு. நிப்பின் விளிம்பு கிடைக்கோட்டுக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதுதான் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் தீர்மானிக்கிறது. இந்த நிப்பு விரல் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்காது. ஆகவே எல்லாமே சாய்வின் கையில். ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் 30 பாகை சொல்வார்கள். அந்தச் சாய்வில் பச்சை மூடிப் பேனாவின் நெட்டுக்கோடு ஏறக்குறைய 3.3 மில்லிமீட்டர் தடிப்பும் கிடைக்கோடு 1.9 மில்லிமீட்டரும் வரும். ஆங்கில எழுத்துக்கு அது அழகு. தமிழில் ட என்பது ஒரு நெட்டுக்கோடும் ஒரு கிடைக்கோடும் மட்டுமே. ப-வுக்கு அடியில் ஒரு கிடைக்கோடு. க, த, ச மூன்றுக்கும் குறுக்கே ஒரு கிடைக்கோடு. எழுத்தைத் தாங்குகிற அந்தக் கோடு மெலிந்துவிட்டால் வரி முழுக்கக் கால் தளர்ந்து நிற்பதுபோல் தெரியும். 45 பாகைக்குச் சாய்த்தால் இரண்டு கோடுகளும் சமமாகிவிடுகின்றன. எழுத்து உறுதியாக நிற்கும், ஆனால் உயிர்ப்பு குறையும். நான் வந்து நின்ற இடம் 40 பாகை. நெட்டுக்கோடு 2.9, கிடைக்கோடு 2.4 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரில் எழுத்து அசைந்துகொடுக்கிறது.

நம் எழுத்துகள் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டு வந்தவை. எழுத்தாணிக் கோட்டுக்குத் தடிப்பும் கிடையாது, மெலிவும் கிடையாது. சுழிகள் இத்தனை நெருக்கமாக இருப்பதற்கு அங்கே தடையே இல்லை. ஓலைக்கு என்று வளைந்த எழுத்தைப் பட்டை நிப்பால் எழுதும்போது கருவிக்கும் எழுத்துக்கும் ஓர் உடன்படிக்கை தேவைப்படுகிறது. உயரத்தைக் கூட்டுவதும் சாய்வை மாற்றுவதும் அந்த உடன்படிக்கைதான். இது புரியாமல் பேனாவைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா போர்டு எழுதியவர். சுவரில் சுண்ணாம்பு நூல் அடித்து, பட்டை பிரஷ்ஷால் எனாமல் பெயின்டில் கடைப்பெயர் எழுதி எங்களை வளர்த்தார். பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு அந்த வேலை சுருங்கிப்போனது. நான் இந்தப் பேனாவை வாங்கிவந்த அன்று, செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொடும்மா, பார்ப்போம்" என்று வாங்கினார். மூடியைக் கழற்றி நிப்பைக் கண்ணுக்கு அருகே வைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு ஓர் ஒற்றைக்கொம்பு இழுத்தார். சுழியிலிருந்து மேலேறி வளைந்து இறங்கும் இடத்தில் விரல்களுக்குள்ளேயே பேனாவைக் கால் திருப்புத் திருப்பினார். பட்டை பிரஷ்ஷில் நாற்பது ஆண்டுகள் செய்த திருப்பம். கோட்டின் முனை கத்தியால் சீவியதுபோல் முடிந்தது. இரண்டாவது கொம்பு போட்டுவிட்டு, "முடி இல்லையேம்மா. அழுத்தினால் அகலாது. கையைத்தான் திருப்ப வேண்டும்" என்றார்.

இந்தப் பேனாவைப் பற்றி அதைவிடச் சரியான விமரிசனம் எனக்குத் தெரியாது. தூரிகையை அழுத்தினால் முடி விரிந்து கோடு அகலும், விட்டால் குவியும். பேரலல் பேனாவில் அந்த மூச்சு இல்லை. ழ-வின் வாலைத் தடித்து மெலிந்து ஓடவிட நினைத்தால், நிப்பைச் சுழற்றிச் சுழற்றி மூலைக்குக் கொண்டுவர வேண்டும். அது கைப்பழக்கம். பழக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அப்பாவுக்கு அரை நிமிடம்.

இதே திருப்பம் இன்னொரு வேலையில் கைகொடுக்கிறது. பழைய காலத்துச் சாயல் வேண்டும் என்று கேட்டு வருகிற பதிப்பகத்தார் பெரும்பாலும் கேட்பது 1978-க்கு முந்தைய எழுத்தைத்தான். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன்பு லை, ளை, ணை, னை நான்கும் முன்னால் இணைக்கொம்பு இல்லாமல், எழுத்தின் தலையிலிருந்து யானைத் துதிக்கைபோல் வளையும் ஒரு கோட்டோடு எழுதப்பட்டன. கணினி எழுத்துரு பலவற்றில் அந்த வடிவம் இல்லை. பச்சை மூடிப் பேனாவில் அந்தத் துதிக்கையை இழுக்கும்போது கிடைக்கும் நிறைவு தனி. கீழிருந்து மேலே தள்ளும் கோட்டில் பட்டை நிப்பு சாதாரணமாகத் தாளைக் குத்தும். இந்த நிப்பு வழவழப்பான தாளில் குத்தாமல் ஏறுகிறது. ஜெராக்ஸ் தாள் சரிப்படாது. மை நாரில் பரவி ஓரம் பிசிறாகும். நல்ல பாண்ட் தாளோ ஐவரி அட்டையோ வையுங்கள்.

மையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பெட்டியோடு கறுப்பு, சிவப்பு என்று இரண்டு கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த குழல், வரும். தனியாகப் பன்னிரண்டு நிறங்களில் வாங்கலாம். ஒரு நிறத்துப் பேனாவின் நிப்பை இன்னொரு நிறத்து நிப்பால் இரண்டு மூன்று விநாடி தொட்டால், தொட்ட மை கொஞ்சம் இறங்கிவிடும். பிறகு எழுதும்போது முதலில் இறங்கிய நிறம் வந்து, எழுத்துக்கு எழுத்துத் தன் நிறத்துக்குத் திரும்பும். மஞ்சள் பேனாவைச் சிவப்பால் தொட்டு 'திருமண' என்று எழுதினால் தி குங்குமமாகத் தொடங்கி, ண மஞ்சளில் முடிகிறது. பெண் வீட்டார் ஒருவர் அதைப் பார்த்து அச்சுக்குக்கூட அனுப்பாமல், கையாலேயே இருபத்தைந்து அழைப்பிதழ் எழுதித் தரச் சொன்னார்.

அந்த நிறக் கலப்பு நடப்பதற்குக் காரணம், மை நீரில் கரையும் சாய மை என்பது. அதே காரணத்தால் எழுதியது நனைந்தால் கரையும். வெயிலில் நாளானால் மங்கும். இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன், அந்த மையின் இயல்பு அது. தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நான் தெரிந்துகொண்டது ஓர் ஐப்பசி மாதத்தில். ஒரு கல்யாணத்துக்கு நூற்றைம்பது உறைகளில் பெயர் எழுதிக்கொடுத்தேன். கடையில் வாங்கிய வேறொரு பாட்டில் மையைத்தான் நிரப்பியிருந்தேன். அதுவும் சாய மைதான். பத்திரிகை வைக்கப் போனவர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். பெயர்கள் நீலச் சேறாகிவிட்டன. இரவோடு இரவாக அறுபது உறைகளைத் திரும்ப எழுதினேன். அன்றிலிருந்து தபாலில் போவது, கையில் சுமந்து போவது எல்லாவற்றுக்கும் நிறமி மை உள்ள பேனாதான். சக்குரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் என் தேர்வு. தண்ணீர் பட்டாலும் அசையாது. ஸ்கேன் செய்யப்போகும் எழுத்துக்கு அந்தக் கவலை இல்லை, பேரலல் போதும்.

ஒரு எச்சரிக்கை. நீர்புகாத மை வேண்டுமென்று, ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை இந்தப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். ஆரஞ்சு மூடிப் பேனா. இரண்டு நாள் கழித்துத் திறந்தால் இரண்டு தகடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகியிருந்தன. அந்த மையில் இருக்கும் அரக்கு உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு இளகாது. மூன்று இரவு ஊறவைத்து, பொறுமையாகச் சுரண்டி மீட்டேன். எழுதுகிறது. ஆனால் இடது ஓரத்தில் மை கொஞ்சம் முன்பின்னாகத்தான் இறங்குகிறது. பவுண்டன் பேனாவுக்கு என்று விற்கும் மை மட்டும் போடுங்கள். தீர்ந்த கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியாமல், முனை மழுங்கிய சிரிஞ்சால் கேம்லின் பாட்டில் மையை நிரப்பிக்கொண்டால் செலவு பெரிதும் குறைகிறது. பயிற்சிக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

சுத்தம் செய்வதற்குப் பெட்டியிலேயே இரண்டு பொருள் இருக்கும். ஒன்று ரப்பர் குமிழ். கார்ட்ரிட்ஜ் இடத்தில் மாட்டி அழுத்தினால் நிப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சித் துப்பும். இன்னொன்று மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. அதைத் தகடுகளுக்கு நடுவே நுழைத்து ஒரு முறை இழுத்தால் தாளிலிருந்து சிக்கிய நார் வெளியே வந்துவிடும். பார்க்கக் குப்பைபோல் இருக்கும் அந்தத் துண்டைப் பலர் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். ஓர் இணையக் கடை எனக்கு இந்த இரண்டும் இல்லாமல் வெறும் பேனாவை மட்டும் உறையில் போட்டு அனுப்பியது. திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கும்போது பெட்டியைத் திறந்து இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் உப்பு; உலர்ந்தால் தகட்டில் வெள்ளை படிகிறது. கடைசி அலசலைக் குடிக்கிற கேன் தண்ணீரில் செய்கிறேன்.

மேசையில் இருக்கும் மற்றவை பற்றிச் சுருக்கமாக. வரைவுக்கு இரண்டு அப்சரா பென்சில்களை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டியது. இரண்டு முனைகளும் பட்டை நிப்பின் இரண்டு ஓரங்களாகிவிடும். எழுதினால் எழுத்தின் வெளிக்கோடு அப்படியே கிடைக்கும். பேனா வாங்கக் காசில்லாத கல்லூரி நாள்களில் இதைக் கொண்டுதான் பழகினேன். இன்றும் மூன்றுசுழி ண எங்கே அடைக்கும் என்று முன்கூட்டியே பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. டிரேசிங் தாள் கட்டாயம். ஒரே சொல்லை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு முறை எழுதித்தான் நல்லது கிடைக்கிறது. ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. பிறகு இங்க்ஸ்கேப். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்; ஸ்கேன் செய்த படத்தை, பெரிதாக்கினாலும் பிசிறாத கோட்டுருவாக மாற்றும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. வேறொரு மென்பொருளுக்கு நான் செலுத்திவந்த மாதச் சந்தாவை நிறுத்தியதற்கு அதுதான் காரணம். மாற்றிய பிறகு எழுத்தின் ஓரத்தை அதிகம் மழுப்பாதீர்கள். தாளில் நிப்பு தயங்கிய இடம் தெரிய வேண்டும். அதற்குத்தானே கையால் எழுதச் சொல்லி நம்மிடம் வருகிறார்கள்.

பேரலல் பேனாவுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது, அப்பா சொன்ன அந்த முடிக்காக. விலை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். நான்கையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. பலர் பெரிய எழுத்து எழுதும் ஆசையில் நீல மூடியில் தொடங்குகிறார்கள். அதற்கு ஏழு நிப்பு உயரம் என்றால் 42 மில்லிமீட்டர். ஏ4 தாளின் குறுக்கே 'திருமண' என்ற ஒரு சொல் அடங்குவதே பாடு. கை அளவாகத் திரும்பப் பழகுவதற்குள் தாளும் மையும் தீர்ந்துவிடும். பச்சையில் தொடங்குங்கள். அதில் ண திறந்து நின்ற பிறகு ஆரஞ்சுக்கு இறங்குங்கள். சிவப்பு மூடியில் அதே ண 10.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்; அங்கே கை நடுங்கினால் ஒளிக்க இடமில்லை.

என் நீல மூடிப் பேனா இப்போது என் மேசையில் இல்லை. தெருக்கோயில் கும்பாபிஷேகத்துக்கு அட்டையில் அறிவிப்பு எழுத வேண்டும் என்று போன வாரம் அப்பா எடுத்துப்போனார். நேற்று கேட்டேன். இன்னும் கொம்பு சரியாக வரவில்லை, இருக்கட்டும் என்றார்.